பத்தடிக்கு இருபதடி



பல் மருத்துவப் பணிக்கு உதவி கேட்கும்போது, "ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தால் போதாதா?" என்று நம் ஆதரவாளர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாற்காலி கண்ணுக்குத் தெரியும். கொடுத்தவர் பெயரையும் அதில் எழுதி வைக்கலாம். ஆனால் அதை எந்த அறையில், எந்தப் பக்கம் பார்த்து, எவற்றின் நடுவில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே நோயாளி நன்மை அடைகிறார் அல்லது தீங்கு அடைகிறார். அதைச் சற்று விளக்கவே இக்கட்டுரை.

சிதம்பரத்துக்குப் பல் மருத்துவம் புதிதல்ல. அண்ணாமலை நகரில் 1980-இல் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இப்போது அரசின் பொறுப்பில் இயங்குகிறது. அங்கே கூடங்கள் பெரியவை. ஆனால் படித்து வெளியே வரும் இளம் மருத்துவர் ஊருக்குள் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் ஒரு கடை அளவு இடமே. 10 அடி அகலம், 20 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். இந்த அகலம் போதாது என்று எண்ண வேண்டாம். 1991-இல் புறப்பட்ட 'லைஃப்லைன் எக்ஸ்பிரஸ்' என்ற மருத்துவமனை ரயிலில் பல் சிகிச்சையும் நடக்கிறது. ரயில் பெட்டியின் உள்ளகலமும் ஏறக்குறைய 10 அடிதான்.

இந்த 20 அடி நீளத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முன்னால் 6 அடி காத்திருக்கும் இடம். நடுவில் 10 அடி சிகிச்சை அறை. பின்னால் 4 அடி கருவிகளைச் சுத்தம் செய்யும் இடம். அதிகச் சத்தம் போடும் கம்ப்ரஸரை அறைக்கு வெளியே, கூரையுள்ள மேடைமேல் வைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலையும், 2015-இன் பெருவெள்ளத்தையும் கண்ட கடலூர் மாவட்டத்தில், மின் இணைப்புகளும் இயந்திரங்களும் தரைமட்டத்தில் இருப்பது புத்தியல்ல.

இனி நடு அறை. பழைய நாட்களில் நோயாளி உட்கார்ந்திருப்பார். மருத்துவர் நாள் முழுவதும் நின்றபடியே குனிந்து வேலை செய்து முதுகைக் கெடுத்துக்கொள்வார். 1950-களின் இறுதியில் முழுவதும் சாயும் நாற்காலி வந்தபின் நோயாளி படுத்தார், மருத்துவர் உட்கார்ந்தார். அதனால் இட அமைப்பும் மாறியது. படுத்திருப்பவரின் முகத்தை ஒரு கடிகாரமாக எண்ணிக்கொள்ளுங்கள். தலைக்கு நேர் பின்னால் 12 மணி. வலக்கை மருத்துவர் 7 மணிக்கும் 12 மணிக்கும் நடுவே அமர்கிறார். உதவியாளர் 2 முதல் 4 வரை. 12-க்கும் 2-க்கும் இடையே கருவி வண்டி. 4 முதல் 7 வரை, நோயாளியின் மார்புக்கு மேலே, கருவிகள் கை மாறும் இடம்.

இப்போது அளவைப் பாருங்கள். சாய்த்த நாற்காலிக்கு 6 அடி நீளம். தலைக்குப் பின்னால் மருத்துவரின் ஸ்டூலுக்கு இரண்டரை அடி. காலடியில் ஒன்றரை அடி மிஞ்சும். அகலத்தில், நாற்காலிக்கு 2 அடி, மருத்துவர் பக்கம் மூன்றரை அடி, உதவியாளர் பக்கம் 3 அடி, சுவரோடு ஒட்டிய மேடைக்கு ஒன்றரை அடி. பத்தடி சரியாகப் போய்விட்டது. ஆகையால் அலமாரிகள் தரையில் நிற்கலாகாது. சுவரில் தொங்க வேண்டும். கதவு 3 அடி அகலத்துடன் மருத்துவர் பக்கமாக இருந்தால், ஸ்டூலை நகர்த்திவிட்டுச் சக்கர நாற்காலியை நேரே உள்ளே கொண்டுவரலாம். வாசலில் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சரிவு தேவை.

பின்னால் உள்ள 4 அடிதான் மிகவும் அவசியமானது. அங்கே வேலை ஒரே திசையில் நடக்க வேண்டும்: அழுக்குக் கருவி வந்து சேரும் தொட்டி, கழுவுதல், உலர்த்துதல், பொதி கட்டுதல், ஆட்டோகிளேவ், சுத்தமான அலமாரி. பொதி கட்டிய கருவிகள் சாதாரண ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 30 நிமிடம் இருக்க வேண்டும். கழுவாததும் கழுவியதும் ஒரே மேடையில் கலந்தால், ஹெப்படைட்டிஸ் பி போன்ற கிருமி ஒருவர் வாயிலிருந்து மற்றொருவருக்குப் போக வழியுண்டு. கை கழுவும் தொட்டி வேறு, கருவி கழுவும் தொட்டி வேறு. இதில் மட்டும் சிக்கனம் கூடாது.

தண்ணீரையும் காற்றையும் மறக்கலாகாது. உப்புத் தண்ணீர் நாற்காலியின் மெல்லிய குழாய்களை அடைக்கும். கடற்காற்று சாதாரண இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். பல்லைக் குடையும்போது எழும் நீர்த்திவலைகள் வெளியேற ஜன்னலும் வெளியேற்றும் விசிறியும் வேண்டும். 2020-க்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய பல் மருத்துவமனையில் காத்திருந்தேன். மீன் விற்கும் மூதாட்டி ஒருவர், வீங்கிய கன்னத்தோடு வந்தார். மறைப்பு இல்லாததால், உள்ளே இருந்தவர் இரத்தம் துப்புவது அவர் கண்ணில் பட்டது. "இன்னொரு நாளைக்கு வரேங்க ஐயா" என்று எழுந்தார். நான் தடுத்தும் நிற்கவில்லை. நான் அங்கே சென்ற நாட்களில் அவரை மீண்டும் காணவில்லை.

வெற்றிலையோடு புகையிலை போடும் நம் மக்களின் வாயில் தோன்றும் வெள்ளைப் படலமும் ஆறாத புண்ணும் புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். அதைச் சீக்கிரம் காண ஒரு கண்ணாடியும் நல்ல விளக்கும் போதும். ஆனால் நோயாளி உள்ளே வர வேண்டுமே! ஐந்தடி வரை கெட்டியான தடுப்பு, அதற்குமேல் வெளிச்சம் விடும் மங்கலான கண்ணாடி: இந்தச் செலவு அவரைத் திரும்பிப் போகாமல் காக்கும். அந்தத் தடுப்புக்கு உட்புறமாக ஒரு ஸ்டூலும் இருக்கட்டும். கெட்ட செய்தியைக் கேட்கும் மனிதர் அதைப் பத்துப் பேர் நடுவில் கேட்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து பேச இடம் வேண்டும்.

ஆகவே, அன்பானவர்களே, அடுத்தமுறை "நாற்காலி வாங்கியாயிற்றா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தொட்டி எங்கே, ஆட்டோகிளேவ் எங்கே, தடுப்பு எங்கே என்றும் கேளுங்கள். பெயர் எழுத முடியாத இடத்துக்குக் கொடுக்கும் காணிக்கையும் வீண்போகாது.

ஜெபத்துடன்,
மருத்துவமனைப் போதகர்