பாடுதலும் பாடுகளும்

நம் திருமறையில் ‘பாடு’ என்னும் வடிவில் இரு சொற்கள் உள. ஒன்று, இசைத்தலைக் குறிக்கும் வினை. பாட்டு, பாடல் என்பன அதன் பெயர்கள். ‘கிறிஸ்துவின் பாடுகள்’ என்பதிலுள்ள பாடோ, கெடு என்பது கேடு ஆனதுபோல, ‘படு’ என்னும் வினை நீண்டு பிறந்த பெயர். காசிமேட்டு மீனவரின் ‘மீன்பாடு’ம், மாதவரத்துத் தொழிலாளர் ‘பாடுபட்டோம்’ என்பதும் இவ்வழி வந்தவையே.

ஆகவே, சொல்லொப்புமை கொண்டு, பாடினால் பாடுகள் நீங்கும் என நாம் போதித்தலாகாது. பவுலும் சீலாவும் தொழுமரத்தில் கிடந்தே பாடினர் (அப். 16:25), அவர்களுடைய காயங்கள் கழுவப்பட்டது பின்னரே (16:33). துன்பப்படுகிறவனுக்கு ஜெபத்தையும், மகிழ்கிறவனுக்குப் பாட்டையும் யாக்கோபு விதிக்கிறார் (5:13). பாடுபடுவோரைப் பாடும்படி நாம் நெருக்காதிருப்போம். அவர்கள் வாய் திறக்க இயலாத நாளில், சபையே அவர்களுக்காகப் பாடுவதாக.