விளையாட்டுத் திரை வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு வகுத்தல் கணக்கு

தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தையும் பள்ளிச் செலவில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து, கணினி விளையாட்டுக்கு ஒரு புதிய திரை வாங்க நினைக்கிறீர்களா, மாணவர்களே? கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்து பாருங்கள். 144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ், 4கே, 1 மில்லி வினாடி என்று பெட்டிகள் எல்லாம் எண்களால் நிறைந்திருக்கும். பெரிய எண் இருந்தால் நல்ல திரை என்று எண்ணத் தோன்றும். கையில் இருப்பது சிறு தொகை என்றால், எந்த எண்ணுக்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஹெர்ட்ஸ் என்றால் என்ன?

திரையில் எதுவும் உண்மையில் நகர்வதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. நம் மூளை அதை அசைவாக உணர்கிறது. ஒரு வினாடியில் எத்தனை முறை திரை தன் படத்தைப் புதுப்பிக்கும் என்பதைத்தான் ஹெர்ட்ஸ் சொல்கிறது.

1,000 மில்லி வினாடியை 60ஆல் வகுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லி வினாடி நிற்கிறது. 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகவும், 240 ஹெர்ட்ஸில் 4.2 ஆகவும் குறைகிறது. 60இலிருந்து 144க்குப் போனால் ஏறத்தாழ 10 மில்லி வினாடி மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சமாவது 3 மில்லி வினாடிக்கும் குறைவு. முதல் மாற்றம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். இரண்டாவது மாற்றம் பலருக்கு எளிதில் தெரியாது. ஆனால் விலை ஏறிவிடும்.

உங்கள் கணினியால் முடியுமா?

திரை காட்டத்தான் செய்யும். படத்தை உருவாக்குவது கணினியில் உள்ள கிராஃபிக்ஸ் அட்டை. 1080பி திரையில் 1,920 × 1,080, அதாவது ஏறத்தாழ 2.07 மில்லியன் படப்புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் 8.29 மில்லியன், சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு படத்திற்கும் அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் அந்த அட்டை கணக்கிட்டாக வேண்டும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பல விளையாட்டுகளின் அமைப்புப் பகுதியில், வினாடிக்கு எத்தனை படங்கள் உருவாகின்றன என்று காட்டும் வசதி உண்டு. அதை இயக்கிவிட்டு விளையாடுங்கள். எண் 70ஐத் தாண்டவில்லை என்றால், 240 ஹெர்ட்ஸ் திரை வாங்கினாலும் அதே 70 படங்கள்தான் கிடைக்கும். பிளேஸ்டேஷன் 5ஐ இணைக்கப் போகிறவர்களுக்கு 120 ஹெர்ட்ஸே உச்சம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் வீண்.

அளவையும் கவனியுங்கள். 24 அங்குலத் திரையில் 1080பி என்றால் அங்குலத்திற்கு ஏறத்தாழ 92 புள்ளிகள். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82தான். மேசைக்கு அருகில் உட்காரும்போது எழுத்துகள் சற்றுச் சொரசொரப்பாகத் தெரியலாம்.

'1 மில்லி வினாடி' என்ற மாயம்

எல்சிடி திரைக்குள் இருக்கும் திரவப் படிகங்கள் திரும்பித்தான் ஒரு புள்ளியின் ஒளி அளவு மாறுகிறது. அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். தாமதமானால், நகரும் பொருளின் பின்னால் நிழல்போல ஒரு தடம் தெரியும். பெட்டியில் உள்ள '1 மில்லி வினாடி' பெரும்பாலும் மிகச் சாதகமான நிலையில் அளந்தது. சில பெட்டிகளில் 'எம்பிஆர்டி' என்று இருக்கும். அது அசைவின் மங்கலை அளப்பது. புள்ளி மாறும் நேரத்தை அன்று. இரண்டு பெட்டிகளிலும் 1 என்று இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

அதைவிட, திரையின் வகையைக் கேளுங்கள். ஐபிஎஸ் வகையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். ஆனால் மலிவான விஏ திரைகளில் இருட்டுக் காட்சிகள் இழுபடலாம். பழைய டிஎன் வகை வேகமானது, நிறம்தான் சுமார்.

கணினி படங்களை உருவாக்கும் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால், படம் குறுக்கே கிழிந்ததுபோல் தெரியும். திரையின் வேகத்தைக் கணினிக்கு ஏற்ப மாற்றும் நுட்பம் இதைத் தடுக்கிறது. என்விடியா 2013இல் ஜி-சிங்க் என்ற பெயரில் அதை அறிவித்தது. ஏஎம்டியின் ஃபிரீசிங்க் திரைகள் 2015இல் விற்பனைக்கு வந்தன. ஃபிரீசிங்கிற்குத் தனிக் கருவி தேவையில்லை என்பதால் மலிவான திரைகளிலும் அது கிடைக்கிறது. சாதாரணக் கணினி வைத்திருப்பவருக்கு இதுவே அதிகம் உதவும்.

சுருக்கமாக: 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்று மேல், ஃபிரீசிங்க். சிறு தொகைக்கு இது போதும்.

வீட்டுக்கு வந்ததும்

ரசீதையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திரையில் போட்டு, செத்த புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். பிறகு விண்டோஸ் திரை அமைப்புக்குள் போய் வேகத்தை 144க்கு மாற்றுங்கள். சில கணினிகளில் அது 60லேயே நின்றுவிடும், வாங்கியவருக்கும் தெரியாது. மாற்றும் முன்னும் பின்னும் சுட்டியை வேகமாக வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். 60இல் அம்புக்குறிகள் இடைவெளி விட்டுத் தெரியும். 144இல் அவை நெருங்கி வரும். நீங்கள் போட்ட வகுத்தல் கணக்கின் விடை அதுதான்.