கதவைத் தட்டுங்கள்... பேய் திறக்கும்!

சுவரொட்டியில் இருந்த சினிமாப் பேய், செல்போனுக்குள் குடி புகுந்த கதை

ஒரு காலத்தில் கொங்கு நாட்டுக் கிராமங்களுக்கு சினிமா மாட்டு வண்டியில் வந்தது.

வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டியிருக்கும். தட்டியில் படத்தின் பெயர். வண்டிக்குள் தமுக்கு அடிப்பவர் ஒருவர். நோட்டீஸ் வீசுபவர் ஒருவர். வண்டிக்குப் பின்னால் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் ஓடுவார்கள். ஒரு நோட்டீஸ் கிடைத்து விட்டால் போதும். அதை மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, படம் பார்த்து விட்டது போல நடப்பார்கள்!

தென்னாட்டுக்கு சினிமாவைப் பழக்கியவர்களில் ஒருவர் கோவைக்காரர்தான். சாமிக்கண்ணு வின்சென்ட் என்பது அவர் பெயர். ரெயில்வேயில் வேலை பார்த்தவர். 1905ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருந்து படம் காட்டும் எந்திரத்தை வாங்கினார். ஊர் ஊராகப் போய், கூடாரம் அடித்து, படம் காட்டினார். பிறகு 1914ல் கோவையில் "வெரைட்டி ஹால்" தியேட்டரைக் கட்டினார்.

இன்று பொள்ளாச்சி வீதியில் அந்த வண்டி இல்லை. நோட்டீசும் இல்லை. இளைஞர்கள் கையில் செல்போன் இருக்கிறது. விளம்பரம் அதற்குள்ளேயே வந்து விடுகிறது.

அதில் ஒரு வகைதான் பேய்ப்படங்களுக்காக அமைக்கப்படும் இணையதளம். அது சும்மா படத்தின் பெயரையும் நடிகர்களின் முகத்தையும் காட்டி விட்டுப் போகாது. உங்களை உள்ளே கூப்பிடும். கதவைக் காட்டி, "திற" என்று சொல்லும். திறப்பது நீங்கள்தான்!

சவப்பெட்டி வண்டியும் நர்சும்

பேய்ப்படத்துக்கு விளம்பரம் செய்வது தனிக்கலை. காதல் படம் என்றால் பாட்டைக் காட்டலாம். சண்டைப்படம் என்றால் கத்தியைக் காட்டலாம். ஆனால் பேயை முன்னாலேயே காட்டி விட்டால் படத்தில் என்ன மிச்சம்? காட்டாமல் பயமுறுத்த வேண்டும். அங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது.

அமெரிக்காவில் வில்லியம் கேசில் என்ற படத்தயாரிப்பாளர் இருந்தார். 1958ல் "மெக்காபர்" என்று ஒரு படம் எடுத்தார். "இந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து செத்தால், ஆயிரம் டாலர் இன்ஷூரன்ஸ்!" என்று அறிவித்தார். தியேட்டர் வாசலில் நர்சுகளை நிறுத்தினார். சவ ஊர்வல வண்டியையும் கொண்டு வந்து நிறுத்தினார். ஜனங்கள் முண்டியடித்துக் கொண்டு வந்தார்கள்.

அடுத்த ஆண்டு இன்னொரு வேலை செய்தார். "தி டிங்லர்" என்ற படத்துக்காகச் சில தியேட்டர்களில் நாற்காலிக்கு அடியில் சின்ன மோட்டார்களைப் பொருத்தினார். பயங்கரக் கட்டம் வரும்போது நாற்காலி கிடுகிடு என்று நடுங்கும்!

நம் நாட்டிலும் இப்படி நடந்தது உண்டு. 2008ல் ராம்கோபால் வர்மா, "பூங்க்" என்ற இந்திப் படத்துக்காக ஒரு சவால் விட்டார். தியேட்டரில் தன்னந்தனியாக உட்கார்ந்து படம் முழுவதையும் பார்ப்பவருக்கு ரூ.5 லட்சம் பரிசு என்றார். 2015ல் வந்த "மாயா" தமிழ்ப் படத்தில், இதே போன்ற சவால் கதையிலேயே வருகிறது.

இவை எல்லாம் தியேட்டர் வாசலோடு நின்று விட்ட தந்திரங்கள். வீட்டுக்குள்ளேயே வந்து பயமுறுத்தியது, வேறு ஒரு படம்.

மூன்று பேரைக் காணவில்லை!

1994 அக்டோபர் மாதம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம். பர்க்கிட்ஸ்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்துக் காட்டுக்குள் மூன்று மாணவர்கள் போனார்கள். அந்தக் காட்டில் உலவுவதாகச் சொல்லப்படும் சூனியக்காரியைப் பற்றிப் படம் எடுக்கப் போனார்கள். திரும்பி வரவே இல்லை. ஒரு வருடம் கழித்து, அவர்கள் எடுத்த படச்சுருள் மட்டும் கிடைத்தது!

திடுக்கிடுகிறீர்களா? பயப்பட வேண்டாம். இது முழுக்க முழுக்கக் கட்டுக்கதை. "தி பிளேர் விட்ச் புராஜெக்ட்" என்ற படத்தின் கதை.

டேனியல் மைரிக், எடுவார்டோ சாஞ்செஸ் என்ற இரண்டு இளைஞர்கள் இந்தப் படத்தை எடுத்தார்கள். கையில் பணம் இல்லை. பெரிய நடிகர்கள் இல்லை. படம் வெளிவருவதற்கு முந்திய ஆண்டே, அதாவது 1998ல், சாஞ்செஸ் இதற்காக ஒரு இணையதளத்தைத் தானே அமைத்தார்.

அதில் என்ன வைத்தார் தெரியுமா? நடிகர்களின் பேட்டி இல்லை. "விரைவில் வருகிறது" என்ற அறிவிப்பைப் பெரிதாகப் போடவில்லை. சூனியக்காரியின் "சரித்திரம்" இருந்தது. 1785ல் தொடங்கி எந்த வருடம் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதியிருந்தது. போலீசார் தேடுவது போன்ற போட்டோக்கள் இருந்தன. காணாமல் போன பெண்ணின் டைரிப் பக்கங்கள் இருந்தன.

படிக்கிறவர் ஒவ்வொரு பக்கமாகத் திறந்தார். துப்பறியும் அதிகாரி போல ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்த்தார். "இது நிஜமா, கதையா?" என்று நண்பரைக் கேட்டார். நண்பர் இன்னொருவரைக் கேட்டார். தீ பற்றிக்கொண்டது!

1999 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில், "காணவில்லை" என்று நடிகர்களின் படம் போட்ட நோட்டீசை ஒட்டினார்கள். (பார்த்தீர்களா? கடைசியில் நோட்டீசிடம்தான் வந்தார்கள்!) அங்கே ஆர்ட்டிசன் என்ற கம்பெனி படத்தை வாங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் படம் வெளிவந்தது. உலகமெங்கும் சுமார் 24 கோடியே 80 லட்சம் டாலர் வசூல்!

"காலணா செலவில்லாமல் ஒரு இணையதளம் படத்தை ஓட வைத்தது" என்று இதைப் பற்றிச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வாங்கிய கம்பெனி விளம்பரத்துக்குப் பல லட்சம் டாலர்களைக் கொட்டியது. டெலிவிஷனில் நிஜச் செய்திப்படம் போன்ற ஒரு படத்தையும் காட்டினார்கள். ஆனால் முதலில் நெருப்பை மூட்டியது அந்த இணையதளம்தான்.

தாய்க்கு வந்த அனுதாபக் கடிதம்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

படத்தில் நடித்த மூன்று பேரும் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். அவர்கள் செத்து விட்டதாகவே பலர் நம்பினார்கள். நடிகையின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. மகள் உயிரோடு இருக்கும்போது!

படம் கோடி கோடியாகச் சம்பாதித்தது. நடித்தவர்களுக்கு அதற்கேற்ற பணம் கிடைக்கவில்லை. 25 ஆண்டு கழித்து, 2024ல், தங்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்று மூன்று பேரும் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள்.

பர்க்கிட்ஸ்வில் ஊரின் பாடு அதைவிட மோசம். இருநூறு பேர் கூட இல்லாத ஊர் அது. அங்கே சூனியக்காரி என்று யாரும் இருந்ததே இல்லை. ஆனால் கும்பல் கும்பலாக ஆட்கள் வந்தார்கள். சுடுகாட்டில் புகுந்தார்கள். ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

ஆழியாறு பக்கம் ஒரு பங்களா

இனி நம் ஊருக்கு வருவோம். பொள்ளாச்சிக்கு சினிமா புதிதல்ல. "தேவர் மகன்" உட்பட எத்தனையோ படங்கள் இந்தப் பக்கத்தில் எடுக்கப்பட்டவை. இங்கே ஒரு பேய்ப்படம் எடுத்திருக்கிறார்கள் என்று கற்பனை செய்து கொள்வோம். ஆழியாறு பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு பழைய பங்களா. அதுதான் கதை நடக்கும் இடம். இதற்கு இணையதளம் எப்படி அமைப்பது?

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை, காகிதத்தில்! பங்களாவின் படத்தைப் போட வேண்டும். எந்த அறை எங்கே? எந்தக் கதவு எங்கே போகும்? எந்தப் பெட்டியில் சாவி? சாவி கிடைக்காதவர் என்ன செய்வார்? இதை எல்லாம் முதலிலேயே எழுதி விட வேண்டும். கதை எழுதுபவர், படம் வரைபவர், சத்தம் சேர்ப்பவர், கம்ப்யூட்டருக்குப் புரியும் பாஷையில் எழுதுபவர் என்று நான்கு பேராவது வேண்டும்.

தியேட்டரில் பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். படம் தானாக ஓடி விடும். இங்கே அப்படி இல்லை. நீங்கள் விரலை வைத்தால்தான் அடுத்த கதவு திறக்கும். "திறக்கலாமா, வேண்டாமா?" என்று விரல் தயங்குகிறதே, அந்த ஒரு நொடிதான் இந்தக் கலையின் உயிர். பேய் வருவது கூட அவ்வளவு முக்கியம் இல்லை. மூன்று கதவுக்குப் பின்னால் ஒன்றுமே இருக்கக் கூடாது. அப்போதுதான் நாலாவது கதவுக்கு மதிப்பு!

சத்தத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2018 முதல் கூகுளின் குரோம் போன்ற செயலிகள், பக்கம் திறந்ததும் தானாகச் சத்தம் கேட்பதைத் தடுக்கின்றன. பார்ப்பவர் எதையாவது தொட்ட பிறகுதான் சத்தம் வரும். கெட்டிக்காரர்கள் இந்தத் தடையையே யுக்தி ஆக்கிக்கொண்டார்கள். முதல் பக்கத்தில் ஒரு கதவை வைத்து, "தட்டுங்கள்" என்று எழுதி விடுவார்கள். தட்டியதும் சத்தம் தொடங்கி விடும்!

என்ன சத்தம் வைக்கலாம்? ஆங்கிலப் படத்து ஓநாய் ஊளை நமக்கு எதற்கு? ராத்திரியில் தென்னை மட்டை "தொப்" என்று விழும். தோப்பில் குடியிருப்பவர்களுக்கு அது பழகிப் போன சத்தம். மட்டை விழும் சத்தம் கேட்கிறது. ஆனால் தரையில் மட்டையைக் காணோம். கிணற்றடியில் கப்பி சுற்றும் சத்தம் கேட்கிறது, கயிறு இல்லை. பொள்ளாச்சிக்காரருக்கு வேர்த்து விடும்!

பேயின் பேச்சும் நம் பேச்சாக இருக்க வேண்டும். கொங்கு நாட்டுப் பேய் மரியாதையை விடாது. "ஏனுங்க, அதுக்குள்ள கிளம்பறீங்களா?" என்று இருட்டுக்குள் இருந்து மெதுவாகக் கேட்டால் எப்படி இருக்கும்? போனை வீசி விட்டு அம்முச்சியிடம் ஓட வேண்டியதுதான்!

படங்களின் கனத்தையும் குறைக்க வேண்டும். வால்பாறை மலைப்பாதையில் சிக்னல் வந்து வந்து போகும். படம் இறங்குவதற்குள் பேய் தூங்கி விட்டால் பயன் இல்லை.

பேய்க்கு எதற்கு உங்கள் போன் நம்பர்?

2011ல் ஜேசன் சாடா என்ற அமெரிக்கர் "டேக் திஸ் லாலிபாப்" என்று ஒன்றைச் செய்தார். நீங்கள் பேஸ்புக் கணக்கைத் திறந்துவிட அனுமதி கொடுக்க வேண்டும். உடனே ஒரு சின்னப் படம் ஓடும். அழுக்குப் படிந்த ஒரு ஆள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உங்கள் போட்டோக்களையே ஒவ்வொன்றாகப் பார்ப்பான்! பிறகு காரில் ஏறிப் புறப்படுவான். "முன்பின் தெரியாதவனுக்கு இவ்வளவு கொடுத்து விட்டோமே" என்று பார்த்தவர்கள் நடுங்கினார்கள்.

அது எச்சரிப்பதற்காகச் செய்தது. எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பேய்ப்பட விளம்பரம் உங்கள் போனின் கேமராவைக் கேட்கலாம், நீங்கள் இருக்கும் இடத்தைக் கேட்கலாம், போன் நம்பரைக் கேட்கலாம். "பேய் உங்களைக் கூப்பிடும்" என்று ஆசை காட்டலாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இல்லை. "அனுமதி இல்லை" என்ற பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும். 2023ல் நம் பாராளுமன்றம் இதற்கென்று ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களைப் பெற, பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் ஒன்று. "ஏ" சான்றிதழ் பெற்ற படம் என்றால், தியேட்டர் வாசலில் பிள்ளைகளைத் தடுக்க ஆள் இருக்கிறார். செல்போனுக்கு வாசல்காரர் யார்? "உனக்கு 18 வயது ஆகி விட்டதா?" என்று கேட்டால், எட்டு வயதுப் பையனும் "ஆம்" என்றுதான் அமுக்குவான். ராத்திரி தூங்காமல் அழுவதைச் சமாளிப்பது தாயார்தான். ஆகவே, முதல் கதவிலேயே திடீரென்று கோர முகத்தைக் காட்டுவது, எனக்குச் சரியாகப் படவில்லை. அது சாமர்த்தியமும் அல்ல.

வீட்டுக்காரர் என்ன செய்வார்?

சென்னையில் டிமான்டி காலனி என்ற பெயரில் உண்மையாகவே ஒரு தெரு உண்டு. பாழடைந்து கிடந்த அதன் வீடுகளைப் பற்றிப் பல பேய்க்கதைகள் உலவின. 2015ல் அஜய் ஞானமுத்து எடுத்த படத்துக்கு அந்தப் பெயரே வைக்கப்பட்டது. படம் நன்றாக ஓடியது.

ஆனால் நம் ஆழியாறு பங்களாவை எண்ணிப் பாருங்கள். அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். வாடகைக்குக் கொடுக்க நினைப்பார். கலியாணம் ஆக வேண்டிய பெண் வீட்டில் இருக்கலாம். "அந்த வீட்டில் காத்துக் கருப்பு" என்று ஊர் பேச ஆரம்பித்து விட்டால், சும்மா நிற்குமா? தியேட்டரை விட்டுப் படம் மூன்று வாரத்தில் போய் விடும். வீடு அங்கேயேதான் நிற்கும்.

அதனால் இணையதளத்தில் பங்களாவின் முகப்பை மாற்றி வரைய வேண்டும். ஊர்ப்பெயரைக் கற்பனையாக வைக்க வேண்டும். வரைபடத்தில் உண்மையான வழியைக் காட்டக் கூடாது. "இது கதை" என்ற ஒரு வரி, எங்காவது ஒரு மூலையில் சின்ன எழுத்திலாவது இருக்க வேண்டும்.

படம் ஓடி முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இணையதளத்தின் முகவரிக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு விட்டால் அந்த முகவரியை வேறு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பழைய சினிமா முகவரிகள் சூதாட்ட விளம்பரக்காரர்கள் கையில் போய்ச் சேருவதும் உண்டு. முதல் நாள் கதவு வைத்தவர்களே, கடைசி நாளில் அதைப் பூட்டி விட்டும் போக வேண்டும்.