எதிரிக்கும் ஒரு பூ உண்டு

கணினி விளையாட்டு என்றதும் "படிப்பைக் கெடுக்கும் பிசாசு" என்ற வசைதான் நம் வீடுகளில் முதலில் எழும். என் வீடும் அதற்கு விதிவிலக்கல்ல. ஆனால், நான் சோழர் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியதே ஒரு விளையாட்டால்தான் என்றால் நம்புவீர்களா?

மோட் என்றால் என்ன?

ஒரு விளையாட்டை அதன் இரசிகர்களே மாற்றியமைத்துப் புதிய நாடு, படை, கதை ஆகியவற்றைச் சேர்ப்பதை ‘மோட்’ என்பர். 2010-இல் வெளிவந்த ‘மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட்’ இதற்குப் பேர்போனது. கல்ராடியா என்னும் கற்பனைக் கண்டத்தில் ஆறு அரசுகள் மோதிக்கொள்வதே அதன் களம். விரும்புவோர் அந்த ஆறையும் எடுத்துவிட்டுத் தம் சொந்த அரசுகளை வைக்கலாம். ஒவ்வோர் அரசுக்கும் பெயர், கொடி, படை, பின்கதை ஆகியவை வேண்டும். அவற்றோடு, எந்த இரு தரப்புகளுக்கும் இடையிலான உறவை ஓர் எண்ணால் குறிக்க வேண்டும். 1 என்றால் முழு நட்பு; -1 என்றால் தீராப் பகை.

என் முதல் முயற்சி

சிம்பாங் ரெங்கத்தில் படிவம் நான்கு பயின்றபோது, சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் தந்த பழைய மடிக்கணினியில் என் மோட்டைத் தொடங்கினேன். இராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பை மனத்தில் வைத்து ‘வேங்கைநாடு’, ‘அலைத்தீவு’ என இரு தரப்புகளைப் படைத்தேன். வேங்கைநாட்டுக்கு நான்கு பக்கப் பின்கதை. அலைத்தீவுக்கோ ஒரே வரி: "செருக்கு மிகுந்த எதிரிகள்." இரண்டுக்கும் இடையே -1.

அதை என் வகுப்பு மலாய் நண்பனுக்குப் பெருமையோடு காட்டினேன். கடாரம் என்பது இன்றைய கெடா என்றும் விளக்கினேன். அவன் தாய்வழிப் பாட்டி கெடாக்காரர் என்பது எனக்குத் தெரியாது. சிறிது நேரம் திரையைப் பார்த்திருந்தவன், "என் ஆட்கள் தோற்பதற்கு மட்டும்தானா இருக்கிறார்கள்?" என்று கேட்டான். கோபம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

வரலாறு தந்த விடை

பதிலைத் தேடியபோதுதான் நான் விட்டுவிட்ட பக்கங்கள் தெரிந்தன. முதலாம் இராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் சார்பில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுந்தது; அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைச் சோழ அரசே வழங்கியது. பின்னர் 1025-இல் போர். 1090-இல் கடாரத்து அரசனின் வேண்டுகோளை ஏற்று, முதலாம் குலோத்துங்கன் அந்த விகாரையின் உரிமைகளை மீண்டும் உறுதிசெய்தான். இடையில், 1088-இல், ஐந்நூற்றுவர் வணிகக் குழு சுமத்திராவின் பாரூஸில் தமிழ்க் கல்வெட்டு நாட்டியது. நட்பு, போர், வணிகம், மீண்டும் நட்பு. இதை -1 என்ற ஒற்றை எண்ணில் அடக்க முடியுமா?

இலக்கணம் தந்த விடை

இரண்டாவது விடை நம் புறப்பொருள் இலக்கணத்தில் இருந்தது. தமிழ்மொழிப் பாடத்தில் பெயரளவில் கேட்ட திணைகளை இம்முறை கூர்ந்து படித்தேன். புறப்பொருள் வெண்பாமாலையில், ஆநிரை கவர்வோருக்கு வெட்சிப்பூ என்றால் அதை மீட்போருக்குக் கரந்தைப்பூ. படையெடுப்போருக்கு வஞ்சி, எதிர்த்து நிற்போருக்குக் காஞ்சி. மதிலை வளைப்போருக்கு உழிஞை. உள்ளிருந்து காப்போருக்கு நொச்சி. தாக்குபவனுக்கு மட்டுமன்று, எதிர்ப்பவனுக்கும் ஒரு பூ உண்டு! அவனுக்கும் காக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதை இலக்கணமே ஒப்புக்கொள்கிறது.

தரப்புகளைப் படைப்போருக்கு

இன்று ஒரு தரப்பைப் படைக்கும்முன் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்கிறேன். இவர்கள் எதைக் காக்கிறார்கள்? யாரிடம் எதை வாங்கி, எதை விற்கிறார்கள்? இதே போரை இவர்கள் தம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அது தரப்பன்று. வெறும் இலக்குப் பலகை.

என் மோட் இன்னும் முடியவில்லை. இப்போது அதில் ‘எண்டிசை வணிகர்’ என மூன்றாம் தரப்பும் உண்டு. அலைத்தீவின் பின்கதையை நண்பனே எழுதுகிறான்; அது ஐந்து பக்கத்தைத் தாண்டிவிட்டது. இரு நாடுகளுக்கும் இடையே நாங்கள் இட்டிருக்கும் தொடக்க எண் 0.3. போர் மூளுமா என்பதை இனி விளையாடுபவர் முடிவு செய்யட்டும்.