தகட்டைக் கவ்வும் ரிவெட்

பேருந்தின் பக்கத் தகடு பிரிந்து நின்றால் ஆபத்து. அதன் ஓரம் கத்தி போன்றது. ஏறுபவரின் கையைக் கிழித்துவிடும்.

சாதாரண ரிவெட்டுக்கு இரண்டு பக்கமும் கை எட்ட வேண்டும். முன்னால் அடிக்கும்போது பின்னால் தாங்க வேண்டும். பாப் ரிவெட்டுக்கு ஒரு பக்கம் போதும். அதன் நடுவில் ஓர் ஊசி உண்டு. ரிவெட் கன் அந்த ஊசியை இழுக்கும். உட்பக்கம் ரிவெட் புடைத்துத் தகட்டைக் கவ்வும். பிறகு ஊசி ஒடிந்து வந்துவிடும்.

ரிவெட்டின் நீளம் முக்கியம். 1 மி.மீ. தகடு இரண்டை இணைக்க வேண்டுமா? மொத்தக் கனம் 2 மி.மீ. ரிவெட்டின் குறுக்களவு 4 மி.மீ. அதன் ஒன்றரை மடங்கு 6 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 8 மி.மீ. அதுவே வேண்டிய நீளம். குட்டை ரிவெட் சரியாகக் கவ்வாது.

இந்த ரிவெட்டுக்குத் துளை 4.1 மி.மீ. போதும். துளை பெரிதானால் ரிவெட் ஆடும். துளையிடும்போது கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். துளையின் பிசிறை நீக்க வேண்டும். தகடுகள் இடைவெளி இல்லாமல் ஒட்டி இருக்க வேண்டும்.

இரும்புத் தகட்டில் அலுமினிய ரிவெட் போட்டால், மழை ஈரத்தில் ரிவெட் அரிக்கும். இரும்புக்கு இரும்பு, அலுமினியத்துக்கு அலுமினியம் நல்லது.

ஒரு ரிவெட் தளர்ந்தால் மற்றவற்றின் மேல் சுமை ஏறும். அதை உடனே மாற்ற வேண்டும்.