நெல்லின் மரபு வரிசையைப் பெறும் முறை

நட்ட பயிர் வெள்ளத்தில் மூழ்கினால் பெரும்பாலான நெல் ரகங்கள் சுமார் ஒரு வாரத்தில் அழுகிவிடும். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தெரிந்தெடுத்த எப்.ஆர்.13ஏ என்னும் ரகமோ, இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் நீர் வடிந்தபின் துளிர்க்கும். இக்குணத்திற்குக் காரணமான ஸப்1ஏ என்னும் மரபணு 2006-ம் வருஷத்தில் கண்டறியப்பட்டது. மூழ்கிய பயிர் வீணாக நீண்டு வளர்ந்து தன் சத்தைச் செலவிடாதபடி அது தடுக்கிறது. அதைச் சேர்த்து உண்டாக்கிய சுவர்ணா-ஸப்1 ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியாயிற்று. சி.ஆர்.1009 ரகத்திலும் இக்குணம் சேர்க்கப்பட்டுள்ளது.

இத்தகைய மரபணுக்களின் எழுத்து வரிசை யாவரும் இலவசமாகப் பெறும்படி இணையத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஜென்பேங்க், ஐரோப்பாவின் இ.என்.ஏ., ஜப்பானின் டி.டி.பி.ஜே. ஆகிய மூன்று தரவுக் களஞ்சியங்களும் தம்மிடமுள்ளவற்றை ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்கின்றன. கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதனைக் கணினியில் பெற்றுப் பார்க்கலாம். அதன் முறை வருமாறு:

1. தேடுமிடத்தில் 'நெல்' என்பதற்குரிய பொதுப்பெயரை எழுதாமல், ஒரைஸா ஸட்டைவா என்னும் சாஸ்திரப் பெயரை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். ஜென்பேங்க் வகைப்பாட்டில் இதன் எண் 4530.

2. பின்னர் உட்பிரிவைத் தெரிந்தெடுக்கவேண்டும். இண்டிகாவுக்கு 39946, ஜப்பானிகாவுக்கு 39947.

3. வேண்டிய வரிசையைப் பாஸ்டா என்னும் கோப்பு வடிவில் இறக்கிக்கொண்டு, அதன் பதிவு எண்ணையும் பதிப்பு எண்ணையும் குறித்துவைக்கவேண்டும். பதிப்பு மாறினால் மரபணு இருக்குமிடத்தின் கணக்கும் மாறக்கூடும்.

இரண்டாவது விதியை அலட்சியம் செய்தல் கூடாது. 2005-ல் வெளியிடப்பட்ட நெல்லின் முழு வரிசை, பன்னிரண்டு குரோமோசோம்களும் ஏறக்குறைய 39 கோடி எழுத்துக்களும் கொண்டது. ஆயினும் அது நிப்பான்பாரே என்னும் ஜப்பானிய ரகத்தினுடையது. அந்த ரகத்தில் ஸப்1ஏ அறவே கிடையாது. அதை மட்டும் இறக்கித் தேடுபவர், வெள்ளத்தைத் தாங்கும் மரபணு நெல்லிலேயே இல்லையென்று தவறாக முடிவு செய்ய நேரிடும். உட்பிரிவு எண் பாராமல் சர்வே எண்ணை மட்டும் கொண்டு நிலத்தை அளந்தால் அயலானுடைய வயலை அளக்க நேருவது கிராம அதிகாரிகள் அறிந்ததே. இதுவும் அத்தன்மையதே.

நாட்டு நெல் ஒன்றை அற்பமென்று கைவிடலாகாது என்பதும் இதனால் விளங்கும். பெயர்பெற்ற ரகத்தில் இல்லாத குணம், மறக்கப்பட்ட ரகத்தில் இருக்கக்கூடும். ஆகையால் பழைய ரகங்களை வைத்திருப்போர், அவற்றின் விதையைக் கலப்பின்றிப் பாதுகாத்து, ரகத்தின் பெயரையும் விளைந்த ஊரையும் எழுதிவைப்பது நலம். இறக்கிய கோப்பு எழுத்தேயன்றி விதையன்று. விதை வேண்டுவோர் தத்தம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்துப் பெறவேண்டும்.