தாதியர் பணியும் இன்சொல்லும்



தாதியர் நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் தாதியர் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், மருத்துவரும் மேலதிகாரியும் நோயாளியின் உறவினரும் அவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அது ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் சங்கதி, நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். அந்தப் பேச்சின் நன்மையும் தீமையும் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியின் உடம்பில்தான் போய் முடிகின்றன. அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் நம் தந்தையாக இருக்கலாம். அருகில் மருந்துத் தட்டோடு நிற்கும் இளந்தாதி நம் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். ஆகவே, தாதியர் வேலை செய்யும் இடத்தில் மரியாதை எப்படி இருக்க வேண்டும், அது குறைந்தால் என்ன நேரும் என்பதை இன்று ஆராய்வோம்.

மரியாதைக் குறைவு என்பது எது?

கை நீட்டி அடிப்பதும், கெட்ட வார்த்தையால் ஏசுவதும் தவறு என்பது எல்லாருக்கும் தெரியும். நாம் பேச வந்தது அவற்றைவிடச் சிறியவற்றைப் பற்றி. 1999-ஆம் ஆண்டில் ஆண்டர்சன், பியர்சன் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கூறினார்கள். வேலையிடத்தில் ஒருவரை ஒருவர் மதித்து நடக்கும் வழக்கத்தை மீறுவது அது, கடுமை குறைந்தது, தீங்கு செய்யும் எண்ணத்தோடுதான் செய்தாரா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாதது. இதுவே அவர்கள் விளக்கத்தின் சாரம்.

வார்டில் இது எப்படி இருக்கும்? புதிதாக வந்த தாதி ஐயம் கேட்கும்போது பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது. "இதுகூடத் தெரியாதா? எந்தப் பள்ளியில் படித்தாய்?" என்று நோயாளிகள் காதுபடக் கேட்பது. வேலை முடித்துப் போகும்போது அடுத்து வருபவரிடம் பாதிச் செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போவது. ஒருவர் அருகில் நிற்கும்போதே, அவருக்குப் புரியாத மொழியில் அவரைப் பற்றிப் பேசிச் சிரிப்பது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் கலந்து வேலை செய்யும் நம் நாட்டில் இந்தக் கடைசிக் குற்றத்தை எல்லா இனத்தாரும் செய்யக்கூடும். நாம் தமிழில் பேசினால் மட்டும் அது குற்றமில்லை என்று ஆகிவிடாது.

இவற்றில் எதையும் தனியே எடுத்துப் புகார் எழுதினால், "இதற்கெல்லாமா புகார்?" என்பார்கள். அதுதான் இதில் உள்ள சங்கடம். ஊசியால் ஒரு முறை குத்தினால் யாரும் சாவதில்லை. நாள்தோறும் அதே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் புண் ஆறுமா?

இது ஏன் வருகிறது?

நோயைத் தீர்க்க வந்தவர்களிடையே இந்த நோய் எப்படிப் புகுந்தது என்று நாம் கேட்கலாம். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் விடை எளிதில் விளங்கும். பெரட்டு நேரத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். துரை கிராணியைக் கடிந்துகொள்வார். கிராணி அந்தக் கோபத்தை மண்டோரிடம் காட்டுவார். மண்டோர் பால்மரம் வெட்டும் தொழிலாளியிடம் காட்டுவார். தொழிலாளி வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டுவார். மனைவி பிள்ளையின் முதுகில் இரண்டு வைப்பார். மேலே திரும்ப முடியாத கோபம் கீழே இறங்கும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர்மீது பாயும்.

மருத்துவமனையும் படிப்படியாக அடுக்கப்பட்ட இடந்தான். மருத்துவர், மேட்ரன், சிஸ்டர், தாதி, பயிற்சித் தாதி, அட்டெண்டன் என்று வரிசை உண்டு. வேலை நெருக்கடி அதிகம்; இரவு முறை உண்டு; ஆள் குறைவு. மருத்துவர் கடிந்துகொண்டால் தாதி திருப்பிச் சொல்ல முடியாது. நோயாளி ஏசினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே அந்தச் சூடு பக்கத்தில் உள்ள தாதியின்மீதோ புதிதாக வந்த சிறு பெண்ணின்மீதோ இறங்கிவிடுகிறது. அமெரிக்கத் தாதியான ஜூடித் மெய்ஸ்னர் என்பவர் 1986-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், தாதியர் தங்கள் குஞ்சுகளைத் தாங்களே தின்கிறார்களா என்று மனம் நொந்து கேட்டார். மாமியாரிடம் தான் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்ளும் வழக்கத்தை அறிந்த நமக்கு அந்தக் கேள்வி புதிதன்று. "நாங்களும் இப்படித்தான் பட்டுக் கற்றோம்" என்று மூத்தவர் சொல்கிறார். பட்டது உண்மை. ஆனால் கற்றது பட்டதால்தானா என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நோயாளிக்கு வரும் கேடு

மரியாதைக் குறைவால் மனந்தான் புண்படும், வேலை கெடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள் இதை ஒரு சோதனையால் காட்டினார்கள். அதன் முடிவு 2015-ஆம் ஆண்டில் வெளிவந்தது. குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் பிரிவுகளைச் சேர்ந்த மருத்துவரும் தாதியரும் அடங்கிய 24 குழுக்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குடல் நோயால் திடீரென நிலை மோசமாகும் குறைமாதக் குழந்தைக்குச் சிகிச்சை செய்வது போன்ற பயிற்சி ஒன்று வைக்கப்பட்டது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் இதைக் கவனிக்கிறார் என்று எல்லாக் குழுக்களுக்கும் சொல்லப்பட்டது. சில குழுக்களிடம் அந்த நிபுணர் சாதாரணமாகப் பேசினார். மற்றக் குழுக்களிடம், அந்த நாட்டு மருத்துவத்தின் தரத்தைத் தாழ்த்திச் சில வார்த்தைகள் சொன்னார். அந்தக் குழுவின் வேலையைப் பற்றி அவர் குறை கூறவில்லை, கூச்சல் போடவுமில்லை.

அந்தச் சில வார்த்தைகளே போதுமாயிருந்தன. அவற்றைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் பின்தங்கின. சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. காரணமும் தெரிந்தது. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த செய்தியை ஒருவருக்கொருவர் சொல்வது குறைந்தது. உதவி கேட்பதும் குறைந்தது. கைத்திறன் எங்கும் போய்விடவில்லை. வாய் மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

இதை நம் வார்டுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு நோயாளிக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. காலை முறைத் தாதிக்கு அது தெரியும். மாலையில் வரும் தாதி முந்திய நாள் ஏதோ கேட்டு வசை வாங்கியவர். ஆகவே இன்று ஒன்றும் கேட்கவில்லை. காலைத் தாதியும் முகங்கொடுத்துச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டில் மருத்துவரின் எழுத்து சரியாகப் புரியவில்லை. "டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டால் கத்துவாரே" என்று இளந்தாதி தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில் ஓர் உயிர் ஊசலாடுகிறது. தாதி ஒவ்வொரு மருந்தையும் கொடுக்குமுன் ஐந்து சரி பார்க்க வேண்டும் என்பது பாடம்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இவற்றில் ஐயம் வந்தால் கேட்க வேண்டும். கேட்பதற்கு அஞ்சும் இடத்தில் ஐந்தும் ஆபத்தாகிவிடும்.

இதனால்தான் அமெரிக்க மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துச் சான்று வழங்கும் ஆணையம் 2008-ஆம் ஆண்டில், மிரட்டும் நடத்தை நோயாளியின் பாதுகாப்பைக் குலைக்கும் என்று எச்சரிக்கை விடுத்தது. 2015-இல் அமெரிக்கத் தாதியர் சங்கமும், தாதியர் பணியிடத்தில் அவமதிப்புக்கும் பகடிவதைக்கும் இடமளிக்கலாகாது என்று அறிவித்தது. நம் மலேசியாவிலும், இளம் மருத்துவர்கள் பகடிவதைக்கு ஆளாகிறார்கள் என்ற குறை எழுந்ததை அடுத்து, மருத்துவத் துறையின் வேலைப் பண்பாட்டை ஆராயச் சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் ஒரு பணிக்குழுவை அமைத்தது.

கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு

மரியாதையாகப் பேச வேண்டும் என்றால் பிழையைச் சுட்டிக் காட்டக் கூடாதா என்று கேட்கலாம். கட்டாயம் காட்ட வேண்டும். கை கழுவாமல் காயத்தைத் தொட்ட தாதியை அந்த நொடியே தடுக்க வேண்டும். அவசர நேரத்தில், "ஆக்சிஜன் கொண்டு வா! சீக்கிரம்!" என்று உரத்துச் சொல்வது அவமதிப்பாகாது. அங்கே நயமாகப் பேச நேரமில்லை.

வேறுபாடு இதுதான். கண்டிப்பு செயலைத் திருத்தும். அவமதிப்பு ஆளைத் தாழ்த்தும். "இந்த அளவு தவறு, சீட்டை மறுபடியும் பார்" என்பது கண்டிப்பு. "உன்னைப் போன்றவர்களை யார் வேலைக்கு எடுத்தார்கள்?" என்பது அவமதிப்பு. முன்னதைக் கேட்டவர் அடுத்த முறை சீட்டைப் பார்ப்பார். பின்னதைக் கேட்டவர் அடுத்த முறை தம் பிழையை மறைப்பார். வார்டில் மறைக்கப்படும் பிழையைவிடக் கொடியது வேறொன்றில்லை.

செய்யத் தக்கவை

நல்ல வார்டுகளில் சில முறைகளைக் கையாளுகிறார்கள். ஒன்று, மருத்துவரிடம் செய்தியை நான்கு படியாகச் சொல்வது: இப்போதைய நிலைமை, அதன் பின்னணி, நம் கணிப்பு, நாம் வேண்டுவது. "டாக்டர், பன்னிரண்டாம் கட்டில் நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது. நேற்று வயிற்றில் அறுவைச் சிகிச்சை ஆனவர். நுரையீரலில் கோளாறு இருக்கும் என்று நினைக்கிறேன். உடனே வந்து பாருங்கள்." இந்த முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி, பின்னர் மருத்துவமனைக்கு வந்தது. இப்படிச் சொல்லப் பழகிய இளந்தாதி தடுமாறுவதில்லை. கேட்பவருக்கும் எரிச்சல் வருவதில்லை.

இரண்டாவது, கூடிப் பேசுவது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 2005-ஆம் ஆண்டு முதல் ஒரு திட்டம் நடந்தது. ஒரு பிரிவில் வேலை செய்பவர்கள் ஏறக்குறைய ஆறு மாத காலம் அடிக்கடி கூடி, நாம் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறோம் என்பதை மட்டும் பேசினார்கள். அந்தப் பிரிவுகளில் மரியாதை வளர்ந்தது. பெருஞ்செலவு இல்லாத மருந்து இது.

மூன்றாவது நம் நாட்டிலேயே உள்ள நல்ல வழக்கம். தீபாவளிக்கு மலாய், சீனத் தோழியர் நம் பெண்ணுக்காக வேலை பார்ப்பார்கள். ஹரிராயாவுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நம் பெண் அவர்களுக்காக வேலை பார்ப்பாள். இத்தகைய வார்டில் பாதிச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது.

தாதியாகப் போகும் நம் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். ஐயம் வந்தால் கேளுங்கள். வசை விழுந்தாலும் கேளுங்கள். நோயாளிக்கு ஆபத்து என்று பட்டால், "எனக்குக் கவலையாக இருக்கிறது, இது நோயாளியின் பாதுகாப்பைப் பற்றியது" என்று அமைதியாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவர் தொடர்ந்து அவமதித்தால், முதலில் அவரிடமே தனியாகப் பேசிப் பாருங்கள். பயனில்லை என்றால் நாள், நேரம், நடந்தது ஆகியவற்றைக் குறித்து வைத்துச் சிஸ்டரிடமோ மேட்ரனிடமோ கொடுங்கள். தாதியருக்கும் தொழிற்சங்கம் உண்டு. சங்கத்தின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்டெண்டனையும் துப்புரவு செய்பவரையும் தாழ்வாக நடத்தாதீர்கள். நோயாளியின் முகம் மாறுவதைப் பல வேளைகளில் முதலில் காண்பவர்கள் அவர்களே.

பெற்றோருக்கு ஒன்று. மகள் அழுதுகொண்டு வந்தால், "எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போ" என்று அனுப்பிவிடாதீர்கள். "வேலையை விட்டுவிடு" என்று உடனே சொல்லியும் விடாதீர்கள். முழுவதும் கேளுங்கள். அவளுடைய பிழையைத் திருத்தினார்களா, அவளையே இழிவு செய்தார்களா என்று பிரித்துப் பார்க்க உதவுங்கள்.

நாமும் அந்த வார்டுக்குள் போகிறவர்கள்தாம். நம் ஆளுக்கு வலி என்றதும் கண்ணில் பட்ட தாதியிடம் கூச்சலிடுவது அவருடைய கவனத்தைக் கலைக்கும். அந்தக் கவனம் நம் ஆளுக்குத் தேவையானது. இதற்கு நேர்மாறாக, வெள்ளைக் கோட்டைக் கண்டதும் கைகட்டி வாய்பொத்தி நிற்பவர்களும் நம்மிடையே உண்டு. துரைமார் காலத்துப் பழக்கம் அது. அது மரியாதையன்று, பயம். "மிசி, இது என்ன மருந்து? இவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதே" என்று பணிவாகக் கேட்பதே மரியாதை. அப்படிக் கேட்கும் உறவினர் தாதிக்கு இன்னொரு கண்ணாவார்.

அவமதிப்பு மேலிருந்து கீழே இறங்கும் என்று சொன்னோம். எந்தப் படியில் நிற்பவரும் அதைத் தம்மோடு நிறுத்திவிடலாம். இன்று ஏச்சு வாங்கிய இளந்தாதி பத்து ஆண்டில் மூத்த தாதியாகிவிடுவார். அப்போது புதிதாக ஒரு பெண் வந்து நடுங்கிக்கொண்டு ஐயம் கேட்பாள். "வா, காட்டுகிறேன்" என்று அவர் சொன்னால், அந்த வார்டில் உள்ள நோயாளிகள் அன்று இரவு நிம்மதியாக உறங்கலாம்.